சீரும் பங்கும்: நல்லதங்காளை மறுபடி வாசித்தல்

நல்லதங்காள் கதை தெரியாத பெண்கள் தென்மாவட்டங்களில் குறைவு. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி சோறு போடவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். இப்படி மூன்று வாக்கியத்தில் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டாவது வாக்கியத்திலேயே குற்றவாளி யாரென்று தீர்ப்பாகிவிடுகிறது: அண்ணி. எங்கள் பக்கத்துப் பேச்சில் மதினி. மூளி அலங்காரி என்ற அவள் பெயர் இன்றும் வசவாகவே புழங்குகிறது.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. நல்லதங்காள் கதை கொடுமைக்காரி ஒருத்தியின் கதையாக நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு அது ஒரு சொத்துக் கதையாகத் தெரிகிறது. பெண்ணுக்குச் சீர் உண்டு, பங்கு இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்ட ஒரு சமூகம், அந்த ஏற்பாடு பஞ்சக் காலத்தில் என்ன செய்யும் என்பதைத் தன்னையறியாமல் எழுதிவைத்த ஆவணம் அது. இன்று கிராமத்துப் பெண்ணுக்குக் கடன் எப்படிக் கிடைக்கிறது, எதன் பேரில் கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை.

கதைப்படி நல்லதங்காள் பிறந்த ஊர் அர்ச்சுனாபுரம். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அவளுக்குக் கோயில் உண்டு. பிள்ளைகளைப் போட்ட கிணறு என்று மக்கள் காட்டும் கிணறும் உண்டு. அதே வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று அங்கே இரண்டு அணைகள் 1970களில் கட்டப்பட்டன. அந்தத் தண்ணீர் வத்திராயிருப்புச் சுற்றுவட்டாரக் கண்மாய்களை நிரப்புகிறது. நெல்லும் தென்னையும் விளைகின்றன. பஞ்சத்தின் பெயரால் நினைவில் நிற்கும் ஒரு மண்ணில் இன்று நஞ்சை இருக்கிறது. அந்த நஞ்சை யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நாட்டார் இலக்கியத் தாளில் இந்தக் கதையை நடத்தும்போது மாணவியரிடம் இரண்டு கேள்விகள் கேட்பது என் வழக்கம். உங்கள் வீட்டில் பட்டா யார் பெயரில்? கடன் யார் பெயரில்? களையெடுக்கப் போகிறவர்கள், ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளுக்கும் போகிறவர்கள் பெற்ற பிள்ளைகள் அவர்கள். பட்டா என்றதும் அப்பா, தாத்தா, பெரியப்பா என்று பதில் வரும். நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். கடன் என்றதும் வகுப்பு முழுவதும் ஒரே பதில்: அம்மா. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நல்லதங்காள் கதை நடக்கிறது.

கதையை நிதானமாகப் பார்க்கலாம். தாய்தகப்பன் இல்லாத தங்கையை அண்ணன் நல்லதம்பி வளர்க்கிறான். மானாமதுரைக் காசிராசனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். பசு, பொன், பாத்திரம், பண்டம் என்று அவன் கொடுத்தனுப்பும் சீரைக் கதைப்பாடல் ஆசையோடு அடுக்கிக்கொண்டே போகும். கேட்கிறவர்களுக்கு அண்ணனின் தாராளம் மனத்தில் பதிய வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பட்டியல். அதில் இல்லாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலம் இல்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்டது எல்லாம் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை, ஓட்டிக்கொண்டு போகக்கூடியவை. அவளையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

பிறகு பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். சீராக வந்தவை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்கின்றன. சீரின் இயல்பு அது. பசு சாகும், பாத்திரம் கடைக்குப் போகும், பொன் அரிசியாகும். அர்ச்சுனாபுரத்து மண் மட்டும் அப்படியே இருக்கிறது, அண்ணன் பெயரில். அவளுடைய பெற்றோரின் மண்ணும் அதுதான். ஆனால் அவள் அங்கே கிளம்பும்போது பங்காளியாகக் கிளம்பவில்லை, விருந்தாளியாகவும் கிளம்பவில்லை. கெட்டுப்போனபின் உறவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று கணவன் தடுக்கிறான். அவன் பேச்சில் ஓர் உலக ஞானம் இருக்கிறது. உரிமை இல்லாத இடத்தில் அன்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கோ அண்ணன் பாசத்தைத் தவிர வேறு கைமுதல் இல்லை.

இந்த இடத்தில் கதை ஒரு காரியம் செய்கிறது. அண்ணனை வேட்டைக்கு அனுப்பிவிடுகிறது. வழியில் தங்கையைப் பார்க்கிறான், கண்ணீர் விடுகிறான், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைக்கிறான். கூட வரவில்லை. சொத்துக்காரன் வீட்டில் இல்லாதபோது சொத்தின் வாசலில் இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நிறுத்தப்படுகிறார்கள். ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி கதவைச் சாத்துகிறாள். அதன்பின் நடப்பதெல்லாம் பொம்பளைச் சண்டையாகிவிடுகிறது. முடிவு பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் தண்டனை மதினிக்கே போய்ச் சேர்கிறது. அண்ணன் பாசத்தின் உருவமாக மிஞ்சுகிறான்.

மூளி அலங்காரிக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமில்லை. பசித்த பிள்ளைகளுக்குச் சோறு மறுத்தவள் அவள். ஆனால் அவளும் இன்னொரு வீட்டிலிருந்து சீரோடு வந்தவள். அவள் பங்கை அவள் அண்ணன் வைத்திருப்பான். புருஷன் வீட்டுக் குதிருக்குக் காவல் இருப்பது தவிர அவளுக்கும் அந்த வீட்டில் வேறு பிடிமானம் இல்லை. நாளைக்கு அந்தக் குதிர் காலியானால் அவளும் ஏதோ ஓர் ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியவள்தான். ஒவ்வொரு மதினியும் வேறோர் ஊரின் நல்லதங்காள். கதை இந்தச் சமன்பாட்டை நம் கண்ணில் படாமல் வைத்துக்கொள்கிறது.

அவள் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நகை இல்லாத காதை, கழுத்தை மூளி என்போம். மூளியாக நிற்காதே என்று வீட்டில் அதட்டுவார்கள். நகையில்லாத பெண்ணைக் குறையுள்ளவளாகப் பார்க்கும் மொழி, நிலமில்லாத பெண்ணைக் குறிக்க ஒரு சொல்கூட வைத்துக்கொள்ளவில்லை. அது குறையாகத் தெரிந்தால்தானே சொல் வரும்!

நிலத்தோடு சேர்த்துப் பெண்ணைக் குறிக்கும் ஒரு பழைய சொல் இருக்கிறது: மஞ்சள்காணி. மகளின் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டார் கொடுக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர். ஆணுக்குப் போகும் நிலம் காணி என்று மட்டும் சொல்லப்படும். பெண்ணுக்கு வரும்போது அதற்கு மஞ்சள் பூசியாக வேண்டும். மஞ்சள் வாங்கும் செலவுக்கு என்று சிறுமைப்படுத்தித்தான் கொடுக்க முடிந்திருக்கிறது. ஆனாலும் அது காணி. அந்தச் சொல்லை இன்று என் மாணவியர் யாரும் கேள்விப்பட்டதில்லை. சீர், வரதட்சணை, நகை, வண்டி எல்லாம் பெருகின. மஞ்சள்காணி மட்டும் வழக்கொழிந்துவிட்டது.

இதைவிடப் பழைய சாட்சிகளும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் நிலத்தையும் பொன்னையும் ஆடுகளையும் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நிலம் விற்றும் இருக்கிறார்கள். அப்படியான ஆவணங்கள் சிலவற்றில் பெண்ணோடு கூட ஓர் ஆணின் பெயரும் வரும். அவனுக்கு முதுகண் என்று பெயர். நிலம் அவளுடையது, அதைக் கைமாற்ற அவன் துணை வேண்டும். முதுகண் என்ற சொல் செத்துவிட்டது. அந்த வேலை சாகவில்லை. குழுக் கடன் படிவத்தில் கணவன் கையெழுத்தும் புகைப்படமும் கேட்கும் ஒவ்வொரு மேசைக்கு எதிரேயும் ஒரு முதுகண் உட்கார்ந்திருக்கிறான். கணவனை இழந்தவள் மகனையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போகிறாள். கடனை அடைப்பவள் அவள்தான் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியும்.

இங்கே கடனின் கணக்குக்கு வரலாம். கிராமத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் முறையான கடன்கள் மூன்று வகை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன். வங்கியிலோ சங்கத்திலோ நகைக்கடன். பிறகு குழுக் கடன். முதலாவது நிலத்தின் பேரில் வருவது. அதற்குச் சிட்டா வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வேண்டும். இரண்டாவது சீரின் பேரில் வருவது. மூன்றாவதுக்கு அடமானம் எதுவும் இல்லை என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றாவது மானத்தின் பேரில் வருவது. நிலம், சீர், மானம் என்ற இந்த மூன்றில் வட்டி குறைந்தது முதலாவது. பட்டாதாரரைத் தேடி வருவது. நாற்று நடுகிறவளும் களையெடுக்கிறவளும் கதிரறுக்கிறவளும் பெண்ணாக இருந்தாலும் பயிர்க்கடன் அவளை விவசாயியாகக் காண்பதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலக்கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 விழுக்காடு. பரப்பளவில் அதைவிடவும் குறைவு.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அடுத்து வந்த அரசு கூட்டுறவுகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடனையும் மகளிர் குழுக் கடனையும் தள்ளுபடி செய்தது. இவை உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளுபடியும் சொத்தின் வழியைப் பிடித்துத்தான் நடக்கிறது. நிலம் உள்ளவனுக்கு நிலத்தின் கடன் கழிந்து நிலம் மிஞ்சுகிறது. நகை வைத்தவளுக்கு நகை திரும்புகிறது. அடுத்த பள்ளிக் கட்டணத்துக்கு அதே நகை மறுபடி உள்ளே போகிறது. தனியார் நுண்கடன் நிறுவனத்தில் வாரக் கடன் வாங்கியவளுக்குத் தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது.

பெண்ணின் நகை குடும்பத்தின் அவசரக் கையிருப்பு என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். சிலப்பதிகாரத்திலேயே அது அப்படித்தான். கோவலன் திரும்பி வரும்போது கண்ணகியின் மற்ற நகைகள் ஏற்கெனவே கரைந்துபோயிருக்கின்றன. மிச்சம் இருப்பது சிலம்பு. அதை முதலாக வைத்து மதுரையில் பிழைக்கலாம் என்கிறான் அவன். வணிகன் பேச்சில் முதல் என்பது வெறும் சொல் அல்ல. அவள் சொத்து, அவன் முதல். அவன் இறந்தபின் அரசவையில் அவள் நடத்துவது என்ன? சிலம்பு யாருடையது என்ற வழக்கு. உடைத்துக் காட்டித்தான் அவளால் தன் உடைமையை நிரூபிக்க முடிந்தது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கான வரைவு விதிகளை வெளியிட்டபோது, நகையின் உரிமைக்குச் சான்று கேட்கப்படும் என்று தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அம்மா கழற்றிப் போட்ட வளையலுக்கு எந்தப் பெண்ணிடம் ரசீது இருக்கும்? ஜூன் மாதம் வந்த இறுதி விதிகளில் சிறு கடன்களுக்குக் கெடுபிடி தளர்ந்தது, 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்றது வங்கி. நிம்மதிதான். ஆனால் அந்த எதிர்ப்பின் போது எத்தனை வீடுகளில் பெண்ணின் கழுத்தைத் தவிர வேறு வங்கி இல்லை என்பது நாட்டுக்கே தெரியவந்தது. திருப்ப முடியாமல் ஏலத்துக்குப் போன நகையை மூழ்கிப்போச்சு என்பார்கள். நம் பக்கத்தில் எல்லாம் கடைசியில் கிணற்றுச் சொல்லில்தான் வந்து நிற்கிறது.

மானத்தின் பேரில் வரும் கடன் வேறு வகை. அதன் தொடக்கம் நல்ல கனவு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் உருவாயின. நபார்டு வங்கி 1992இல் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. மகளிர் திட்டம் 1990களின் பிற்பகுதியில் மாநிலம் முழுவதும் பரவியது. வங்கி வாசலை மிதிக்காத பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், கணக்கு எழுதினார்கள், கூட்டத்தில் பேசினார்கள். இதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். என் மாணவியரில் பலர் கல்லூரிக்கு வந்ததே அம்மாக்களின் குழுச் சேமிப்பால்தான்.

ஆனால் அந்தக் கனவின் பாதையிலேயே வணிக நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. கூட்டுப் பொறுப்பு என்ற ஏற்பாட்டைச் சேமிப்பிலிருந்து பிரித்து வசூலுக்கு மட்டும் வைத்துக்கொண்டன. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்ற பெண்கள் கட்ட வேண்டும், அல்லது அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்ற புகழ்ச்சியின் உள்ளே இருப்பது இதுதான்: அக்கம்பக்கத்துக்கு முன்னால் தலைகுனிய அவர்கள் அஞ்சுகிறார்கள். 2010இல் ஆந்திராவில் இந்த வசூல் முறை தற்கொலைகளில் போய் முடிந்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2022இல் ரிசர்வ் வங்கி, நுண்கடன் தவணைகள் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது.

இப்போது அர்ச்சுனாபுரத்து வாசலை நினைத்துப் பாருங்கள். சொத்துக்காரன் அங்கே இல்லை. இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். குழுத் தலைவி தவணை கேட்டு வாசலில் நிற்கும்போது அவள்தான் மூளி அலங்காரி ஆகிறாள். ஊர் அவளைத் திட்டுகிறது. பணம் கொடுத்தவர் எங்கேயோ வேட்டையில் இருக்கிறார். ஒரு கதை இருநூறு ஆண்டுகள் வாய்மொழியில் உயிரோடு இருக்கிறதென்றால் அது கண்ணீரால் மட்டும் இல்லை. அதன் ஏற்பாடு இன்னும் வேலை செய்கிறது.

கிணறும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2017 அக்டோபர் 23ஆம் தேதி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலிக் குடும்பம், கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும், தீக்குளித்து இறந்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதலே இருந்தது. இப்படிப்பட்ட சாவுகளின்போது, பெற்ற பிள்ளையைக் கொல்ல மனம் எப்படி வந்தது என்று தாயின் மனத்தைத்தான் எல்லோரும் ஆராய்கிறோம். பஞ்சக் காலத்திலும் அந்தக் கேள்விதான் கேட்கப்பட்டது. அவளிடம் விற்காமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு துண்டு நிலம் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகள் பிறப்புரிமைப் பங்காளி ஆகவில்லை. தமிழ்நாடு திருத்தம் செய்து, 1989 மார்ச் 25 முதல் மகளையும் பங்காளியாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை என்றது. என் அம்மாவின் தலைமுறை முழுக்க அந்த ஒரு வரியில் வெளியே நின்றது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டத் திருத்தம், கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதத்தை நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் தொட முடியாது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி ஏறி, கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவளுக்குச் சரிபாதி உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் இருந்தும் பட்டா மாறுவதில்லை. காரணம் ஒரு பத்திரம். மகள்கள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடும் அந்த ஆவணத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தமிழில் விடுதலை என்ற சொல் இவ்வளவு தலைகீழாகப் பயன்பட்ட இடம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கு எதிலிருந்து விடுதலை? கார் வைத்துக் கூட்டிப்போவார்கள், ஒரு புடவை எடுத்துக்கொடுப்பார்கள், மதியச் சாப்பாடு ஓட்டலில். அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சில வீடுகளில் இது நடந்துவிடும்.

கையெழுத்துப் போடும் பெண்களை ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். பிறந்த வீடு என்பது ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே காப்பீடு. பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வேண்டும். புருஷன் அடித்தால் போய் நிற்க ஒரு திண்ணை வேண்டும். பங்கு கேட்டால் இவையெல்லாம் போகும். சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன பங்கு என்ற வாக்கியம் அந்தக் காப்பீட்டின் நிபந்தனை. அதை ஒப்புக்கொண்டு பெண்கள் தவணை கட்டுகிறார்கள். தங்கள் நிலமே அந்தத் தவணை. அந்தக் காப்பீட்டை நம்பிப் போன நாளில் என்ன ஆகலாம் என்பதற்குத்தான் நல்லதங்காள் இருக்கிறாள். பாசம் மிகுந்த அண்ணன்தான் அவளுக்கும். அவன் நல்லவனாக இருந்தும் அவள் செத்தாள். அண்ணன் நல்லவனா கெட்டவனா என்பதைப் பொறுத்துப் பிழைக்க வேண்டிய நிலைமையைத்தான் சொத்துரிமை மாற்றுகிறது.

பொருளியலாளர் பீனா அகர்வால் பிரதீப் பாண்டாவோடு சேர்ந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு இதற்கு எண்ணிக்கை தருகிறது. சொத்தில்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் தன் பெயரில் உள்ள பெண்களில் அது 7 விழுக்காடு. போய் நிற்கத் தன் பெயரில் ஓர் இடம் இருக்கிறது என்பது அடிக்க ஓங்கும் கையையே நிறுத்துகிறது.

இதுவரை சொன்னது நிலம் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு. நல்லதங்காள் கதையும் ஆளும் குடும்பத்துக் கதைதான். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒரு சென்ட் இல்லாத தலித் பெண்ணுக்கு வாரிசுரிமைச் சட்டம் எதைக் கொடுக்கும்? அவளுக்குப் பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு இந்த மாநிலத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் கிழக்குத் தஞ்சையில் வேலை செய்யப் போனவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். அவர்கள் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கியது; வங்கிக் கடனுக்கும் அலைந்தது; வாங்கிய நிலத்தை ஆயிரக்கணக்கான நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தது. பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் திருப்பிக் கட்டுவாள் என்பது நுண்கடன்காரர்களுக்கும் தெரிந்த உண்மைதான். அந்தக் கடனின் முடிவில் அவள் கையில் என்ன மிஞ்ச வேண்டும் என்று கேட்டதில்தான் கிருஷ்ணம்மாள் வேறுபட்டார்.

அரசும் இப்போது அந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிட விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம் உண்டு. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. பிளவக்கல் தண்ணீர் பாயும் நஞ்சையின் விலை தெரிந்தவர்களுக்கு 5 லட்சம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பாதிக்கு அந்தப் பெண் எந்தக் கடனுக்குப் போவாள் என்பதையும் திட்டம் சேர்த்து யோசிக்க வேண்டும். நிலம் வாங்க வந்தவளை வாரக் கடன்காரரிடம் திருப்பி அனுப்பினால் கதை மறுபடி கிணற்றடிக்கே போகும்.

மாணவியரிடம் நான் சொல்வது இவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தலைப்பில் விடுதலை என்று இருந்தால் இரண்டு தடவை படியுங்கள். பூர்வீக நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கூட்டுப் பட்டாவில் அத்தைகளின் பெயர் எந்த ஆண்டில் காணாமல் போனது என்று பாருங்கள். உங்களுக்குச் சீர் பேசும்போது எத்தனை பவுன் என்ற பேச்சு வரும். அந்த இடத்தில் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். நாளைக்கு நீங்கள் மதினியாகும்போது நாத்தனாரின் பங்கையும் நினைவில் வைத்திருங்கள்.

போன பருவத்தில் ஒரு மாணவி தேர்வுத் தாளில், நல்லதங்காளும் மூளி அலங்காரியும் சேர்ந்து நல்லதம்பியிடம் பாகம் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும் என்று எழுதியிருந்தாள். கதைப்பாடலின் எந்தப் பதிப்பிலும் அந்தக் காட்சி இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.